முன்சரிவில் நாற்பத்தொரு ஓடுகள்

பதினெட்டு வருடமாக மூத்தவளுக்கு வேலை தரையில்தான். கணவர் மேஸ்திரி, வீடுகளுக்கு மர ஓடு வேய்வது குடும்பத் தொழில். லாரியில் வந்து இறங்கும் கட்டுகளைப் பிரிப்பது, ஓடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தரம் பிரிப்பது, வாளியில் அடுக்கிக் கயிற்றில் மேலே அனுப்புவது, இவ்வளவும் அவள் பொறுப்பு.

மர ஓடு என்பது முழங்கை நீளத்துக்கு இழைத்த பலகைத் துண்டு. ஒரு நுனி விரல் கனம் இருக்கும், மறுநுனி காகிதமாய் மெலிந்திருக்கும். பழகாதவர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். வைரம் பாய்ந்த இடத்தில் அறுத்து, ரேகை நேராக ஓடும் துண்டு, முப்பது வருடம் மழையையும் வெயிலையும் தாங்கிக்கொண்டு கிடக்கும். ரேகை வளைந்து போகிற துண்டும், ஓரத்தில் வைரம் ஏறாத வெள்ளை ஒட்டிய துண்டும், அடிப்பக்கம் கணு ஒளிந்திருக்கும் துண்டும் அப்படியல்ல. ஒரு மழையில் ஊறி ஒரு வெயிலில் காய்ந்தால் போதும், சருகு மாதிரி சுருண்டு எழுந்துகொள்ளும். மூத்தவள் ஓட்டின் ஓரத்தைப் பார்த்து, விரல் மடக்கி ஒரு தட்டுத் தட்டி, எடுத்த கையோடு குவியலில் போட்டுவிடுவாள். நல்லது ஒரு குவியல். விளிம்பில் அடி வரிசைக்கு மட்டும் ஆகிற சுமார் ரகம் ஒரு குவியல். மூன்றாவது கழிவு; அடுப்புக்கோ ஆப்புச் சீவவோ போகும்.

கல்யாணமான புதிதில் அவளுக்கும் மேலே ஏற ஆசை இருந்தது. ஏணியில் ஒரு கால் வைத்தவளை மேஸ்திரி, "வேணாம், கீழ ஆள் வேணும்" என்று தடுத்தார். அப்போது வயிற்றில் மகள் இருந்தாள். மகள் பிறந்து, வளர்ந்து, இன்று வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அதற்குள் மூத்தவள் மறுபடி ஏணியில் கால் வைக்கவுமில்லை, அவர் வா என்று கூப்பிடவுமில்லை.

சின்னவள் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள், மூத்தவளுக்கு ஓரகத்தி. அதற்கு முன் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் ஆறு மாதம் மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுப் பிரித்தாள். ஒருநாள் கொழுந்தனுக்குக் காய்ச்சல். மேஸ்திரி தனியாகத் தடுமாறுகிறாரே என்று ஆணிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினவள், சாயங்காலம் வரை இறங்கவில்லை. அன்றைக்கு இறங்கி வந்தபோது மேஸ்திரி முகம் கழுவியபடியே, "அவளுக்குக் கை பேசுது" என்றார். அந்த ஒரு வார்த்தை மூத்தவளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. இத்தனை வருடத்தில் தன் கையைப் பற்றி அவர் வாயிலிருந்து என்ன வந்திருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தாள். "தண்ணி கொண்டா"தான் வந்திருந்தது.

இந்தத் தடவை வேலை பல் டாக்டர் வீட்டில். டாக்டரம்மா தனியாக இருப்பவர். கீழே மருத்துவமனை, மாடியில் குடியிருப்பு. கூரை இரண்டு சரிவு. பின்சரிவு தோட்டத்தைப் பார்த்தது, வெறும் சதுரம். முன்சரிவு தெருவைப் பார்த்தது, நல்ல செங்குத்து, நடுவில் சின்னதாக ஒரு மாடச் சன்னல் வேறு துருத்திக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஓடு வெட்டிப் பொருத்துவதுதான் மொத்த வேலையிலும் சிக்கலான இடம். மேஸ்திரிக்கு முழங்கால் வலி. முன்சரிவைத் தம்பிக்குக் கொடுப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"முன்னாடி சின்னவ பாத்துக்கட்டும். நானும் தம்பியும் பின்னாடி போறோம்" என்றார் மேஸ்திரி.

கொழுந்தன் சிரித்தான். "என்னண்ணே, என்னைத் தோட்டத்துக்குத் தள்ளிட்டே."

"நீ போற வேகத்துக்குச் சன்னல்கிட்ட போறதுக்குள்ள டாக்டரம்மாவுக்கே பல்லு விழுந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவளும் உதட்டைப் பிரித்து வைத்தாள்.

முதல் மூன்று நாளும் அவளுக்குக் கழுத்து வலிதான். கீழே உட்கார்ந்து தரம் பிரிக்கிறவளுக்கு அண்ணாந்து பார்க்க என்ன வேலை? ஆனால் கண் நிற்கவில்லை. சின்னவள் சாக்பொடி தடவிய நூலைச் சுண்டிக் கோடு போடுவதும், இடுப்புப் பட்டையில் சாய்ந்துகொண்டு ஓட்டுக்கு இரண்டு ஆணி வீதம் அடித்து நகர்வதும், கீழ் வரிசைச் சந்துக்கு நேரே மேல் வரிசைச் சந்து வராமல் இரண்டு விரல் தள்ளிப் பொருத்துவதும் பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம். தத்துபித்தென்று அடித்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

பல் காட்ட வந்தவர்கள் தாடையைப் பிடித்துக்கொண்டே நின்று பார்த்தார்கள். எதிர் வீட்டுப் பெண் காப்பி டம்ளரோடு வாசலுக்கு வந்து, "அந்தப் பொண்ணு யாருங்க, உங்க தங்கச்சியா?" என்று கேட்டாள்.

"கொழுந்தன் சம்சாரம்."

"எவ்வளவு தைரியம். நீங்க ஏறமாட்டீங்களா?"

"எனக்குக் கீழ வேலை இருக்கு" என்றாள் மூத்தவள். அந்தப் பெண் போன பிறகும் அந்தப் பதிலையே நெடுநேரம் மென்றுகொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில் மகள் போன் செய்தாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் முடிந்ததும், "அம்மா, சித்தி கூரை மேல நிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பேன். என் பிரெண்ட்ஸ் யாரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்றாள்.

மூத்தவள் படம் எடுத்தாள். வெயிலுக்கு எதிரே நின்று எடுத்ததால் சின்னவள் முகம் கறுப்பாக விழுந்திருந்தது. சரியாக எடுத்திருக்கலாம். அப்படியே அனுப்பிவிட்டாள். மகளிடமிருந்து உடனே பதில் வந்தது: "சூப்பர். சித்தி வேற லெவல்."

மறுநாள் காலையில்தான் அது நடந்தது. முதல் ஓடு, சத்தியமாகத் தெரியாமல் போனது. கழிவில் போட வேண்டிய துண்டு ஒன்று நழுவி வாளியில் விழ, அவள் குனிந்து எடுப்பதற்குள் சின்னவள் கயிற்றை இழுத்துவிட்டாள். மூத்தவள் அண்ணாந்து நின்றாள். கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தாள். சின்னவள் அந்த ஓட்டை எடுத்தாள், வைத்தாள், டக் டக்கென்று இரண்டு ஆணி. அடுத்ததை எடுத்தாள்.

மூத்தவள் வாயை மூடிக்கொண்டாள். 'ஓகோ. கைதான் பேசுமா? கண்ணுக்கு வாய் இல்லையோ?'

அடுத்த வாளியில் ஒன்று வைத்தாள். தெரிந்தேதான் வைத்தாள். நல்ல ஓடுகளுக்கு நடுவே, கணு இருக்கும் முகம் கீழே போகும்படி. அதுவும் கூரையேறியது. மதியத்துக்குள் வாளிக்கு ஒன்று, இரண்டு என்று போய்க்கொண்டிருந்தன. வேலை வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக ஓடியது. ஒவ்வொன்றும் எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்காமலும் இருக்க முடியவில்லை. சன்னலுக்கு இடப்பக்கம், சன்னல் அடியிலிருந்து ஐந்தாம் வரிசையில் மூன்றாவது. அதற்கு மேலே, புகைபோக்கி ஓரம் ஒன்று. யாரும் கேட்காமலே மனசு குறித்து வைத்துக்கொண்டது. சாயங்காலம் கைகால் கழுவும்போது கணக்கு நாற்பத்தொன்றில் நின்றிருந்தது.

அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த இரண்டு நாள் மழை. யாரும் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் பொழுது விடிந்ததும் சுள்ளென்று வெயில். மதியத்துக்கு மேல் போனால் கூரை காய்ந்திருக்கும் என்று சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். தெருமுனை திரும்பியதுமே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த கொழுந்தன் வேகத்தைக் குறைத்தான். முன்சரிவில் அங்கங்கே ஓடுகள் ஓரம் மடங்கி எழுந்து நின்றன. சீவின தலையில் முடி சிலிர்த்துக்கொண்டது போல, பதினைந்து இருபது இடம் இருக்கும். இரண்டு ஓடு நடுவே பிளந்தும் விட்டிருந்தது.

டாக்டரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "இது இப்படித்தான் இருக்குமா மேஸ்திரி?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம்.

மேஸ்திரி ஏணி ஏறி, பிளந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார். திருப்பிப் பார்த்தார். கணு. சின்னவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன?"

சின்னவள் அந்தக் கணுவையே பார்த்தாள்.

"கண்ணை எங்க வெச்சிட்டு அடிச்சே? கழிவுல போட்டதை நீயே வாரிட்டுப் போனியா? வாளி வர்ற வரைக்கும் பொறுக்க முடியலியா?"

கொழுந்தன் குறுக்கே வந்தான். "அண்ணே, அவ எதுக்குக் கழிவுல எடுக்கப் போறா. கட்டுலயே மோசமான சரக்கு வந்து, அண்ணி பாக்காம..."

"வாயை மூடு." மேஸ்திரி குரல் தெருவுக்கே கேட்டது. "பதினெட்டு வருஷம். என் பொண்டாட்டி கையால ஒரு சொத்தை ஓடு மேல வந்ததில்ல. அவ அனுப்பினா நான் திருப்பிக்கூடப் பாக்க மாட்டேன். அவளைச் சொல்ற வேலை வெச்சுக்காதே."

மூத்தவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. இத்தனை வருடம் எதைக் கேட்க ஏங்கினாளோ, அதைத் தெருவில், நாலு பேர் முன்னால், டாக்டரம்மா கேட்க, எதிர் வீட்டுப் பெண் கேட்க, உரக்கச் சொல்லிவிட்டார். அதுவும் இந்த விஷயத்தில். தின்னவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவள் நின்றாள். சின்னவள் அவளைப் பார்த்தாள். ஒரு நிமிடம் நேராக, இமைக்காமல் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, "என் தப்புதான் மாமா" என்றாள்.

மேஸ்திரி டாக்டரம்மாவிடம் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். "எங்க தப்பும்மா. எது எழும்பும் எது எழும்பாதுன்னு இப்ப சொல்ல முடியாது. இந்தப் பக்கம் முழுசும் பிரிச்சிட்டு முதல்லேருந்து அடிச்சுத் தர்றோம்."

முழுச் சரிவு. நாலு நாள் வேலை. ஆணி பிடுங்கும்போது நல்ல ஓடுகளும் பாதிக்கு மேல் உடையும். சன்னலைச் சுற்றிச் சின்னவள் இழைத்து இழைத்துப் பொருத்தியது எல்லாம் போகும். அதை நினைத்தபோது மூத்தவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த இடத்தை மூன்று நாள் கழுத்து நோகப் பார்த்தவள் அவள்தான்.

"முழுசும் பிரிக்க வேணாம்" என்றாள்.

மேஸ்திரி திரும்பினார்.

"நாற்பத்தொண்ணுதான். எதெதுன்னு எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அனுப்பினேன்."

அவர் குரலைத் தணித்து, கை நீட்டித் தூக்கிவிடுவது போல் கேட்டார். "தெரியாம கலந்துடுச்சா?"

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் 'ஆமாம்' வந்தது. பக்கத்தில் சின்னவள் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சுதான்" என்றாள் மூத்தவள்.

மேஸ்திரி கையிலிருந்த ஓட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, முழங்காலைத் தேய்த்தபடி வண்டிப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு எழுந்து நிற்கவே முடியாதோ என்று தோன்றியது. மூத்தவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணிக்குப் போனாள். கீழே நின்று காட்டினால் எந்த ஓடு என்று யாருக்கும் விளங்காது. ஏறித்தான் ஆகவேண்டும். கொழுந்தன் அவள் முகத்தைப் பார்க்காமலே ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

பாதி ஏணியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். மேலே ஒரு கை நீண்டது. சின்னவள் சாரத்தின் வழியாக முன்னாலேயே ஏறிப் போயிருந்தாள். இழுத்து, முகட்டுக் கயிற்றை அவள் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். முடிச்சு கொஞ்சம் இறுக்கமாகவே விழுந்தது.

"எங்க?" என்றாள்.

"சன்னல் அடியிலேருந்து அஞ்சாவது வரிசை. சன்னலுக்கு இடது, மூணாவது."

சின்னவள் நுனியில் கொக்கி வைத்த இரும்புப் பட்டையை மேல் வரிசைக்கு அடியில் நுழைத்து, ஒளிந்திருக்கும் ஆணியைத் தட்டி வெட்டினாள். ஓடு கையோடு வந்தது. திருப்பினாள். ஓரமெல்லாம் வெள்ளை. மூத்தவள் அடுத்ததைக் காட்டினாள். பத்துப் பன்னிரண்டு எடுக்கும்வரை சுத்தியல் சத்தம் மட்டும்தான்.

கடைசியில் மூத்தவளால் பொறுக்க முடியவில்லை. "உனக்கு ஒண்ணுகூடவா கண்ணுல படலை?"

"பட்டுது."

"எப்ப?"

"மூணாவது ஓட்டுலயே. ஆறு மாசம் உங்க பக்கத்துல உக்காந்து கட்டுப் பிரிச்சிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

மூத்தவள் அவளைப் பார்த்தாள். "பின்ன ஏன் அடிச்சே?"

சின்னவள் ஆணி ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, புது ஓட்டைச் சந்தில் செருகி, பலகையால் தட்டித் தட்டி ஏற்றினாள். இரண்டு ஆணியும் அடித்த பிறகுதான் பதில் வந்தது.

"நீங்க கீழ இருக்கீங்க. மேல என்ன பேசறாங்கன்னு உங்களுக்குக் கேக்காது. நான் ஒரு ஓட்டைத் திருப்பிப் பாத்தாப் போதும், மாமா 'அவ அனுப்பினதை எதுக்குப் பாக்கறே, நேரம் வீண்'ம்பாரு. நான் ஒழுங்கா வரிசை போட்டா, 'ஓடு நல்லா இருந்தா யாரு வேணா அடிக்கலாம்'ம்பாரு. ஒண்ணரை வருஷமா இதே பாட்டு. நான் என்ன செஞ்சாலும் பேர் உங்களுக்குத்தான்." அந்த ஓட்டையே இன்னொரு தட்டுத் தட்டினாள். "அன்னிக்கு ஒண்ணு வந்துது, ரெண்டு வந்துது. சரி, அடிச்சு வெப்போம், வெயில் வந்தா தானா தெரியும், அப்ப மாமா மூஞ்சியப் பாக்கணும்னு அடிச்சேன்."

மூத்தவளுக்குக் கூரையே ஒரு பக்கம் சாய்ந்தது போலிருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா?"

"பாத்தேன். என்னைத்தான் ஏசினாரு. அப்பவும் உங்க பேருக்கு ஒண்ணும் ஆகலை." சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "அடுத்தது எங்க இருக்கு சொல்லுங்க."

புகைபோக்கி ஓரம் இருந்தது. அதை எடுத்தார்கள். மூத்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்திலிருந்து கிளம்பின. ஒன்றரை வருடம் இவள் மேலே இருந்து புழுங்கியிருக்கிறாள்; தான் கீழே இருந்து வெந்திருக்கிறாள். நடுவில் ஒரு மனிதர், சொல்ல வேண்டியதை ஆள் மாற்றி ஆள் மாற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். "உன்னைப் பத்தி என்கிட்ட என்ன சொன்னாருன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். சொல்ல மனசு வரவில்லை. அதையும் இவளுக்கே தூக்கிக் கொடுத்துவிட்டால் தன்னிடம் என்ன மிஞ்சும்?

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. கையை ஓட்டு."

பொழுது சாய்வதற்குள் முப்பத்தெட்டு வந்துவிட்டன. மிச்சம் மூன்றும் மறுநாள் காலையில் வந்தன. நாற்பத்தொன்றுக்கு மேல் ஒன்றுகூட இல்லை என்பதை அதற்கடுத்த மழையும் வெயிலும் காட்டின. சன்னலைச் சுற்றி இருந்த வேலை அப்படியே தப்பியது. டாக்டரம்மா பழையபடி பேசவில்லையென்றாலும், வேலை முடிந்த அன்று கூரையை அண்ணாந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார்.

மேஸ்திரி ஒரு வாரம் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார், தட்டை எடுத்தால் எழுந்தார். எட்டாம் நாள், செருப்பை மாட்டிக்கொண்டே, "என்மேல கோவம்னா என்கிட்ட காட்டியிருக்கலாம்" என்றார்.

"உங்ககிட்ட எதைச் சொன்னா காதுல விழுது" என்றாள் மூத்தவள்.

அவர் மறு செருப்பையும் மாட்டினார். "முழங்கால் ரொம்பப் படுத்துது. அடுத்த வேலையில நான் கீழ இருக்கேன். நீ ஏறு."

அப்படித்தான் ஆனது. அடுத்த வீடு ஒரு தபால்காரருடையது. இரண்டு சரிவும் சாதாரணச் சதுரம். இடது சரிவு சின்னவளுக்கு, வலது சரிவு மூத்தவளுக்கு, இரண்டுக்கும் நடுவே கொழுந்தன். மேஸ்திரி கீழே கட்டுகளுக்கு நடுவே கால் நீட்டி உட்கார்ந்து தரம் பிரித்தார். முதல் வாளியிலேயே ஏழு கழிவு. மூத்தவள் அவற்றை ஒவ்வொன்றாகக் கீழே வீசினாள். மறுபக்கத்திலிருந்தும் ஓடுகள் விழும் சத்தம் கேட்டது.

"என்னங்க, கண்ணை எங்க வெச்சிட்டுப் பிரிக்கறீங்க?" என்றாள் மேலிருந்து.

"மாமா, இதை அடுப்பே வேணாம்னு சொல்லிடும்" என்றாள் சின்னவள் அந்தப் பக்கத்திலிருந்து.

கொழுந்தன் முகட்டில் உட்கார்ந்து தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். மேஸ்திரி தலையைத் தூக்காமல் அடுத்த கட்டைப் பிரித்தார்.

ஆனால் மூத்தவளுக்கு ஆணி அடிப்பது அவ்வளவு சுலபமாக வரவில்லை. நூல் பிடித்த கோட்டைவிட்டு வரிசை மெல்ல மெல்ல வலப்பக்கம் இறங்கியது. கட்டைவிரலில் இரண்டு தடவை சுத்தியல் விழுந்தது. மதியம் ஆனபோது நாலு வரிசை முடித்திருந்தாள். அவளுக்கே பெருமையாகத்தான் இருந்தது. முகட்டைப் பிடித்து எக்கி, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். சின்னவள் ஏழாவது வரிசையில் இருந்தாள். நூல் பிடித்தாற்போல் நேர்.

கீழே சாப்பாட்டு டப்பாக்கள் திறக்கும் சத்தம் கேட்டது. "அக்கா, வாங்க, சாப்பிடலாம்" என்று சின்னவள் இடுப்புப் பட்டையைக் கழற்றிக்கொண்டே கூப்பிட்டாள்.

"நீங்கள்லாம் சாப்பிடுங்க. எனக்கு இன்னும் பசிக்கலை" என்றாள் மூத்தவள். பையில் கைவிட்டு ஒரு பிடி ஆணியை அள்ளிக்கொண்டு, ஐந்தாவது வரிசைக்கு நகர்ந்தாள்.